ரொட்டி வேனும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் 2009இல் இங்கே இயந்திரப் பொறியியல் முடித்தவன். இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். சங்கச் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "திட்டமிடுதல் பற்றி மாணவர்களுக்கு ஏதாவது பேசுப்பா" என்றார். தொழிற்சாலைத் திட்டங்களைப் பற்றிப் பேசினால் பின்வரிசை தூங்கிவிடும் என்பதை நான் பின்வரிசையில் இருந்தே கற்றவன். ஆகவே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். இது எனக்குப் பெருமை சேர்க்கும் கதையல்ல. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

என் ஊர் பேரையூர். என் தாத்தா அங்கே ஒரு சின்ன ரொட்டிக்கடை வைத்திருந்தார். விறகு அடுப்பு. சுற்றுவட்டார டீக்கடைகளுக்கு பன்னும் ரஸ்க்கும் ரொட்டியும் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தன. 1978இல் அப்பா ஒரு வேன் வாங்கினார். 'ஸ்டாண்டர்ட் 20' என்று பெயர். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் டி.கல்லுப்பட்டி, எழுமலை, உசிலம்பட்டி என்று சுற்றிவிட்டு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலையேறும் கூட்டத்துக்காகச் சாப்டூருக்கு ஒரே நாளில் மூன்று நடை அடித்ததாக அப்பா இன்றைக்கும் சொல்வார்.

அந்த வேனைப் பற்றி இன்றைய மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அது நம் மாநிலத்திலேயே செய்யப்பட்டது. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் 1948இல் சென்னையில் தொடங்கப்பட்டது. வண்டலூர் அருகே தொழிற்சாலை. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் அங்கிருந்துதான் 1961 முதல் வந்தது. 1977இல் கெஸல் கார் நின்றுபோன பிறகு, 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 கார் வரும்வரை அந்த நிறுவனத்தைத் தாங்கி நின்றது இந்த வேன்தான். இதன் மூலம், இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் கம்பெனி 1958இல் வெளியிட்ட அட்லஸ் வேன். மூக்கு கிடையாது. எஞ்சின் டிரைவருக்கும் பக்கத்தில் உட்காருபவருக்கும் நடுவே ஒரு மூடியின் கீழ் இருக்கும். மார்கழியில் அது சுகம். சித்திரையில் ரொட்டியோடு டிரைவரும் வெந்துபோவார். 1988இல் தொழிற்சாலை நின்றது. அதற்குப் பிறகு உதிரிபாகம் என்றால் இன்னொரு செத்த வண்டியிலிருந்து எடுத்ததுதான்.

2006இல் எங்கள் வீட்டுக்கு ஒரு 'சின்ன யானை' வந்தது. வேன், கடைக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குப் போனது. அதற்குள் விறகு அடுக்கினோம், கோழி அடைந்தது. நான் படிப்பு முடித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது பழைய இரும்புக்காரர் ஒருவர் கொட்டகை வாசலில் நின்று கிலோக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏப்பா, விக்கவா போறீங்க?" என்றேன்.

"ஓடுனா வச்சிக்கலாம்டா. ஓடலேல்ல. இடத்தைத்தான் அடைச்சிக்கிட்டுக் கெடக்கு."

"நான் ஓட்டிக் காட்டுறேன்."

இயந்திரப் பொறியியல் படித்த மகன் வேறு என்ன சொல்வான்? இரும்புக்காரர் சிரித்துக்கொண்டே போனார்.

இனிமேல்தான் என் தவறு. அடுத்த விடுமுறைக்கு நாலு நாள் வந்தேன். மதுரையில் ஒரு கிரைண்டரும் அதற்கான கம்பி பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டேன். எஞ்சினைத் தொட பயம், பெயின்ட்டைத் தொட பயமில்லை. ஆகவே முதலில் ஓட்டுநர் பக்கத் தகட்டில் கை வைத்தேன். மேலே நீல நிறம். அது 90களில் அடித்தது. அதன் கீழே மஞ்சள். தூசு பறந்தது, துரு பறந்தது, எனக்கு ஒரே உற்சாகம். இரண்டு மணி நேரத்தில் பாதித் தகடு வெள்ளி மாதிரி பளபளத்தது. அப்பா டீ எடுத்துக்கொண்டு வந்தார். நின்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நான் விட்டுவைத்திருந்த ஓரத்தைக் கையால் துடைத்தார். அங்கே மஞ்சள் மேல் சிவப்பில் 'ட்டி' என்று இருந்தது. அதற்குக் கீழே 'யூர்'.

மஞ்சளின் மேல் எழுத்து இருந்திருக்கிறது. ரொட்டி, பன், ரஸ்க், கீழே பேரையூர். நீலம் அடித்தபோது அதைச் சுரண்டாமல் மேலேயே அடித்துவிட்டார்கள். முப்பது வருஷம் அது உள்ளேயே பத்திரமாக இருந்தது. நான் இரண்டு மணி நேரத்தில் அழித்தேன்.

"உசிலம்பட்டியிலேர்ந்து போர்டு எழுதுறவரைக் கூட்டியாந்து, தாத்தா பக்கத்துல நின்னு சொல்லச் சொல்ல எழுதுனது" என்றார் அப்பா. கோபப்படவில்லை. டீயை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால் அன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

என் தாத்தா 1985இல் காலமானார். அவர் கையெழுத்து எங்கள் வீட்டில் ஒரு பத்திரத்தில் இருக்கிறது. அவர் வாயிலிருந்து வந்து எழுத்தானது அந்தத் தகட்டில்தான் இருந்தது.

மறுநாள் கிரைண்டரை எடுத்து வைத்துவிட்டு, பெட்டிக்கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். அன்று முதல் ஒன்பது மாதம் ஸ்பேனரைத் தொடவில்லை. எழுதினேன், அளந்தேன், படம் எடுத்தேன். தம்பிகளே, நான் இங்கே நாலு வருஷம் படித்ததைவிடத் திட்டமிடுதல் பற்றி அந்த நோட்டில்தான் அதிகம் கற்றேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று கேள்விகள். என்ன இருக்கிறது? எது மாற வேண்டும்? எதைத் தொடக் கூடாது? நாம் எல்லோரும் இரண்டாவது கேள்வியில்தான் ஆரம்பிக்கிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு ஒன்று இருக்கிறது, ஃபிவா என்று பெயர். 1966இல் தொடங்கியது. அவர்கள் 'டூரின் சாசனம்' என்று ஒன்றை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். கோயில், கோட்டை போன்ற நினைவுச் சின்னங்களுக்கு 1964இல் வெனிஸ் சாசனம் வந்தது அல்லவா, அதே வழியில் வண்டிகளுக்கு. அதன் சாரம் எளிமையானது. பாதுகாப்பது வேறு, புதுப்பிப்பது வேறு. இருப்பதைக் காப்பாற்றுவது முதல் வேலை. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் குறைவாக மாற்று, மாற்றியதை எழுதி வை. வண்டி தன் வாழ்நாளில் பட்ட மாற்றங்களும் அதன் வரலாறுதான். நான் கிரைண்டர் வாங்கும் முன் இதைப் படித்திருக்க வேண்டும்.

சரி, நோட்டில் என்ன எழுதினேன் என்று சொல்கிறேன்.

முதலில் உடம்பு. பெயின்ட் நன்றாக இருக்கிற இடத்திலும் உள்ளே துரு இருக்கும். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்துவிடும், அதனால் பெயின்ட் கொப்புளிக்கும். எங்கள் ஊர் டிங்கர் ஒருவர் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டிக் காட்டினார். "நல்ல தகடு கணீர்னு பேசும் தம்பி, அரிச்ச தகடு பொத்துன்னு பேசும்" என்றார். வண்டி முழுவதும் தட்டி, பொத்தென்ற இடத்தில் எல்லாம் சாக்கட்டியால் வட்டம் போட்டோம். தரைத்தகடு, சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு, கதவின் அடிப்பகுதி என்று மொத்தம் பதினேழு வட்டம். அந்தப் பதினேழு இடத்தில் மட்டும் வெட்டி ஒட்டுவது, மற்ற இடத்தில் கை வைப்பதில்லை என்று முடிவு. பட்டி போட்டு மூடுவதில்லை என்றும் எழுதிக்கொண்டோம். மெல்லிய தகடு, ஒரே இடத்தில் நீளமாகப் பற்றவைத்தால் சூட்டில் நெளிந்துவிடும். இடம் விட்டு இடம் புள்ளி வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

இரண்டாவது எஞ்சின். பதினேழு வருஷம் சும்மா கிடந்த எஞ்சின் இறுகிப்போயிருக்கும். ஆர்வத்தில் பேட்டரியை மாட்டி ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பிஸ்டன் வளையம் சிலிண்டரைக் கீறிவிடும். சிலிண்டருக்குள் மெல்லிய எண்ணெய் விட்டு, நாள்கணக்கில் ஊறவைத்து, பிறகு கையால் மட்டும் இப்படியும் அப்படியும் அசைக்க வேண்டும். இன்னொரு விஷயம். இது ஆங்கிலேய வடிவமைப்பு. நட்டும் போல்ட்டும் அங்குலக் கணக்கு, மரையும் வேறு. இன்றைய மில்லிமீட்டர் போல்ட்டை வலுக்கட்டாயமாக முறுக்கினால் முதல் இரண்டு சுற்று ஏறும், மூன்றாவது சுற்றில் மரை போய்விடும். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் ரஸ்க் டப்பாக்களில் போட்டுச் சீட்டு ஒட்டுவது என்று எழுதினேன். ரொட்டிக்கடையில் டப்பாவுக்குப் பஞ்சமா?

மூன்றாவது பிரேக். நியாயமாகப் பார்த்தால் இதுதான் முதலாவது. ஓடுவதற்கு முன்னால் வண்டிக்கு நிற்கத் தெரிய வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. வருஷக்கணக்கில் நின்றால் அந்த ஈரம் வீல் சிலிண்டரை உள்ளேயே அரித்துவிடும், ரப்பர் வாஷர்கள் ஊறிப்போகும். ஆகவே எஞ்சின் ஓடுகிறதோ இல்லையோ, பிரேக்கின் ரப்பர் எல்லாம் புதிது. டயரும் அப்படித்தான். ஓடாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். டயர் பக்கவாட்டில் பொறித்த நாலு இலக்கத்தைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம்.

நான்காவது நம் உயிர். இதை மாணவர்கள் கவனமாகக் கேளுங்கள். அந்தக் காலத்து மஞ்சள், சிவப்புப் பெயின்ட்டில் ஈயம் இருக்கும். அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காலியான எரிபொருள் டேங்க் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து, உள்ளே ஆவி இருக்கும், பற்றவைக்கப் போனால் வெடிக்கும். நான் முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டாமல் இரண்டு மணி நேரம் மஞ்சள் பெயின்ட்டைக் கிரைண்டரில் தூளாக்கிச் சுவாசித்தேன். பக்கத்தில் என் மகன் விளையாடிக்கொண்டிருந்தான். பொறியாளர் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறோம். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஐந்தாவது காகிதம். இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது எல்லோரும் செய்யும் தப்பு. ஆர்.சி. புத்தகத்தில் ஒரு எஞ்சின் எண், எஞ்சினில் பொறித்திருப்பது வேறு எண். எப்போதோ பழுதானபோது வேறொரு வேனின் எஞ்சினை மாற்றியிருக்கிறார்கள், பதிவில் குறிக்கவில்லை. அடுத்து, 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், உடம்பு, எஞ்சின் மூன்றும் பெரிதாக மாறாமல் இருக்க வேண்டும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், நம்பர் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். ஆசையாகப் படித்துக்கொண்டே வந்தேன். அந்த விதி இரு சக்கர வண்டிக்கும், 'எம்1' என்ற பயணிகள் கார் வகைக்கும்தான். சரக்கு ஏற்றிய வண்டிக்கு அதில் இடமில்லை.

இங்கே ஒரு நிமிஷம் நிற்கிறேன். இது சட்டத்தின் குறை என்று நான் சொல்ல வரவில்லை. நம் எல்லோர் மனசும் அப்படித்தான் இருக்கிறது. நம் மதுரை வண்டிகளால் வளர்ந்த ஊர். டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1912இல் இங்கே பஸ் விட்டார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது கரியில் ஓடும் கேஸ் பிளான்ட் செய்து வண்டிகளை ஓடவைத்தது அவர் நிறுவனம். 1972இல் அந்த பஸ்களைக் கொண்டுதான் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. கோயம்புத்தூரில் 1920இல் ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கிய ஜி.டி.நாயுடுவின் பெயரால் 2015இல் திறந்த ஜீடி கார் அருங்காட்சியகம் இருக்கிறது, போனால் நாள் முழுக்கப் பார்க்கலாம். ஆனால் நாம் பாதுகாப்பது பெரும்பாலும் முதலாளி உட்கார்ந்து போன கார்களை. பின்னால் ரொட்டியும் சோடாவும் பஞ்சுப் பொதியும் ஏற்றி, ஓடாய்த் தேய்ந்த வண்டியைக் கடைசியில் எடைக்குப் போட்டுவிடுகிறோம். எத்தனையோ ஆயிரம் வீடுகளுக்குக் காலை ஆகாரம் கொண்டுபோன வண்டி அது.

ஆகவே என் நோட்டில் இலக்கை மாற்றி எழுதினேன். 'ஓட்டிக் காட்டுறேன்' என்று அப்பாவிடம் சொன்னது ரோட்டில் ஓட்டுவது என்ற நினைப்பில். இப்போது முதல் இலக்கு, எங்கள் கரிசல் காட்டில், சொந்த நிலத்தில், அப்பா ஸ்டியரிங் பிடித்து ஒரு சுற்று. எஞ்சின் எண்ணைப் பதிவில் சரிசெய்வது, சரக்கு வண்டிக்குரிய தகுதிச் சான்று, இதெல்லாம் இரண்டாம் இலக்கு. கிடைத்தால் டி.கல்லுப்பட்டி வரை. அப்பாவுக்கு வயது எழுபத்தைந்து. எந்த இலக்கு முன்னால் வர வேண்டும் என்பதைத் தீர்மானித்தது அந்த எண்தான்.

கடைசியாக எழுத்து. ஓட்டுநர் பக்கம் போய்விட்டது. மறுபக்கம் நீலத்தின் கீழே அப்படியே இருக்க வேண்டும். அதை எப்படி வெளியே எடுப்பது? தின்னர் ஊற்றினால் மேல் பெயின்ட்டோடு கீழ்ப் பெயின்ட்டும் சுருங்கி வந்துவிடும் என்று டிங்கர் எச்சரித்தார். இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. எழுத்தே இல்லாத கீழ் ஓரத்தில், கட்டை விரல் அகலத்துக்கு நாலு இடத்தில் நாலு விதமாகச் செய்து பார்த்தோம். தின்னர் தோற்றது. பிளேடால் சுரண்டியது தோற்றது. முரட்டு வாட்டர் பேப்பர் தோற்றது. மிக நைசான வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டு, கையால் மெதுவாகத் தேய்த்தது ஜெயித்தது. நீலம் கரைந்து மஞ்சள் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். ஒரு எழுத்துக்கு ஒரு சாயங்காலம் பிடிக்கும். மொத்தம் பன்னிரண்டு எழுத்து.

"நான் லீவு போட்டு வந்து செய்றேம்ப்பா" என்றேன்.

"நீ உன் வேலையைப் பாரு. எனக்கு என்ன வேலை இருக்கு?" என்றார்.

இப்போது அவர்தான் செய்கிறார். மூக்குக் கண்ணாடி, ஒரு முக்காலி, ஒரு குவளைத் தண்ணீர். தூசு பறக்காமல் ஈரத்திலேயே தேய்க்க வேண்டும், முகக்கவசம் கட்ட வேண்டும், கையுறை போட வேண்டும் என்று எழுதி கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஒரு எழுத்து முடிந்தால் போனில் படம் அனுப்புவார். 'ரொட்டி'யும் 'பன்'னும் வந்துவிட்டன. ரஸ்க்குக்காகக் காத்திருக்கிறோம்.

நான் அழித்த பக்கத்தை என்ன செய்வது? மறுபக்க எழுத்து முழுதும் வந்ததும் அதைப் படியெடுத்து இந்தப் பக்கம் எழுதிவிடலாம் என்று நான் சொன்னேன். அப்பா யோசித்துவிட்டு, "எழுதுனா நல்லாத்தான் இருக்கும். ஆனா அது நீ எழுதுனது, தாத்தா எழுதச் சொன்னது இல்லியே. இப்போதைக்குத் துரு ஏறாம மட்டும் பூசி வையி" என்றார். டூரின் சாசனத்தை அவர் படித்ததில்லை. பிரைமர் மட்டும் அடித்து வைத்திருக்கிறேன். நோட்டில் அந்தப் பக்கத்துக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். திட்டத்தில் ஒரு கேள்விக்குறி இருப்பது தப்பில்லை என்பதும் நான் கற்ற பாடம்தான்.

எஞ்சின் எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். நாற்பது நாள் எண்ணெயில் ஊறவைத்தோம். போன மாதம் கையால் நெம்பினேன். கால் சுற்று நகர்ந்தது. கால் சுற்றுதான். அப்பா அன்றைக்குக் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் பன் வாங்கிக் கொடுத்தார். சொந்தக் கடையில் காசு கொடுத்து வாங்கினார், கணக்கில் எழுத வேண்டும் என்று.

மாணவச் செல்வங்களே, நாளைக்கு நீங்கள் பெரிய பெரிய இயந்திரங்களின் முன் நிற்பீர்கள். கையில் கருவி இருக்கும், மனசில் வேகம் இருக்கும். செய்ததைத் திருத்தலாம். அழித்ததைத் திருத்த முடியாது. ஆகவே முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். எதைச் செய்யப் போகிறோம் என்று எழுதுவதற்கு முன்னால் எதைத் தொடப் போவதில்லை என்று எழுதுங்கள். பக்கத்தில் ஒரு வயசானவர் இருந்தால் டீ வாங்கிக் கொடுத்து, "இதுக்குக் கீழ என்ன இருக்கு?" என்று கேளுங்கள். நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் எங்கள் வேனுக்கு இரண்டு பக்கமும் எழுத்து இருந்திருக்கும்.

பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊர்ப் பட்டறை மூலையில், கிணற்றடியில், எங்காவது ஒரு ஸ்டாண்டர்ட் 20 வேன் கிடந்தால் சொல்லி அனுப்புங்கள். பின்கதவுக் கைப்பிடி ஒன்று வேண்டும். வண்டலூர்த் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெரியவர்கள் யாரையாவது தெரிந்திருந்தால் அறிமுகம் செய்து வையுங்கள், பேரையூருக்கு அழைத்துப்போய் உபசரிப்பது என் பொறுப்பு. விருந்து பெரிதாக இருக்காது. சூடாக ரொட்டி இருக்கும்.